நீரில் அளக்கும் மூச்சு

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொல்லிமலைக்கு மேலே வந்து சேரும் சமவெளிவாசி, அரியூர் நாட்டுச் சரிவொன்றில் பலாப்பழத்தையோ மிளகு மூட்டையையோ சுமந்தபடி, பேச்சையும் நிறுத்தாமல் ஏறிச் செல்கிற மலைவாசியைக் கண்டதும் முதலில் வியப்படைகிறான். பிறகு தன் சரீரத்தை எண்ணிச் சற்றே வெட்கப்படுகிறான். ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு என்ற பௌதிக உண்மையைச் சாக்காகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவனுக்கு இரைப்பதற்குப் பெருங்காரணம் அப்பியாசம் இல்லாமையே.

அந்த மலைவாசியைச் சென்னை வேளச்சேரிக்கு அழைத்துப் போய், 1995-ஆம் ஆண்டின் தெற்காசிய விளையாட்டுகளை முன்னிட்டுக் கட்டப்பட்ட நீச்சல் வளாகத்தின் ஐம்பது மீட்டர் குளத்தில் இறக்கி, பன்னிரண்டு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நீந்துகிறீர்கள் என்று பரீட்சித்தால் என்ன ஆகும்? கற்பனையாகத்தான் கேட்கிறேன். கிணற்றிலும் ஓடையிலும் கைகால் அடித்துப் பழகியவராயினும், இரண்டாவது திருப்பத்துக்குள் அவர் கயிற்றைப் பற்றிக்கொண்டு நிற்கக்கூடும். அதைக் கண்டு, “சுவாச பலம் போதாது” என்று ஏட்டில் குறித்துக்கொள்ளும் பரீட்சகர் எதை அளந்தார் என்பதே இங்கே கேள்வி.

பன்னிரண்டு நிமிஷப் பரீட்சை அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பருடையது. 1968-இல் அவர் அதை ஓட்டத்துக்காக வகுத்தார். நீச்சலுக்கான அட்டவணை பின்னால் வந்தது. இருபதுகளில் உள்ள ஆடவர் 700 கஜம், அதாவது 640 மீட்டர் நீந்திவிட்டால் அதன்படி உத்தம ஸ்தானம். கேட்பதற்கு எளிது; செலவும் இல்லை. ஓட்டத்தில் இந்தக் கணக்கு ஓரளவு நியாயமானதும்கூட, ஏனெனில் ஓடுவது எல்லோருக்கும் பிள்ளைப் பருவத்திலிருந்தே வந்த வித்தை.

நீரின் சங்கதி வேறு. காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்ந்த அந்த வஸ்துவை விலக்கிக்கொண்டு போவதில், உடல் செலவிடும் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட முன்னேற்றமாக மாறுவதில்லை. மிச்சமெல்லாம் உஷ்ணமாகவும் சுழலாகவும் வீணாகிறது. இடுப்பு தாழ்ந்து, தலை நிமிர்ந்து, மூச்சு வாங்கும்போதெல்லாம் கால் பரபரக்கிற கற்றுக்குட்டி, பழகியவர் அதே தூரத்துக்குச் செலவிடுவதைப் போலப் பன்மடங்கு பிராணவாயுவைச் செலவிடுகிறான். நடுவயதில் நீந்தக் கற்ற நான், முதலில் 25 மீட்டருக்கு முப்பது கைவீச்சு போட்டேன்; ஆறு மாதத்தில் அது இருபத்திரண்டாகச் சுருங்கியது. தூரம் கூடியது என் மார்பு விரிந்ததால்தான் என்று அப்போது பெருமைப்பட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. பெருமை, என் கைகளுக்கு வழிகாட்டிய ஆசானைச் சேர வேண்டியது.

மெய்யான அளவு எது என்றால், பெருமுயற்சியில் சரீரம் ஒரு நிமிஷத்துக்கு உபயோகிக்கும் பிராணவாயுவின் உச்ச அளவு. ஆங்கில விஞ்ஞானி ஏ. வி. ஹில், முதுகில் பையைக் கட்டிக்கொண்டு ஓடி, வெளிவிட்ட மூச்சை அதில் பிடித்து 1920-களில் ஆராய்ந்த விஷயம் இது. நீச்சலில் இதை அளக்க, ஸ்வீடன் தேசத்தார் 1970-களின் தொடக்கத்தில் ஓர் அழகான உபாயம் கண்டார்கள்: நீர் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு தொட்டி, நீந்துபவர் நின்ற இடத்திலேயே நீந்துவார், மூச்சோ குழாய் வழியே கருவிக்குச் செல்லும். தேர்ந்த நீச்சல்காரர் ஓட்டத்தில் காட்டும் உச்சத்தை நீரிலும் ஏறக்குறைய எட்டுகிறார். பொழுதுபோக்காக நீந்துபவரோ அதற்கு வெகுவாகக் கீழே நின்றுவிடுகிறார். மூச்சு தீருமுன் அவருடைய கைகள் தீர்ந்துபோகின்றன.

அந்தத் தொட்டியைத் தேடி நாம் போக வேண்டியதில்லை. 400 மீட்டரையும், போதிய இளைப்பாறலுக்குப் பின் 200 மீட்டரையும் முழு முயற்சியோடு நீந்தி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னது பத்து நிமிஷமும் பின்னது 4 நிமிஷம் 40 வினாடியும் ஆனால், வித்தியாசமான 200 மீட்டருக்கு 320 வினாடி. 100 மீட்டருக்கு 2 நிமிஷம் 40 வினாடி. நெடுநேரம் தாங்கக்கூடிய உங்கள் வேகம் ஏறத்தாழ அதுவே. கூடவே கைவீச்சையும் எண்ணுங்கள்: வீச்சு குறைந்து நேரமும் குறைந்தால் வித்தை வளர்ந்தது; வீச்சு மாறாமல் நேரம் குறைந்து, நாடியும் முன்போலவே இருந்தால் மூச்சு வளர்ந்தது என்று நம்பலாம். நாடியைத் தரையின் கணக்கோடு ஒப்பிடலாகாது. நீரில் படுத்த நிலையில் அது பத்துத் துடிப்பு வரை குறைந்தே காட்டும். பக்கத்துத் தடத்தில் நீந்துபவரோடு ஒப்பிடுவது அதைவிட வீண்.

நாற்பதைக் கடந்தவர்களும், மார்வலியோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டபின் இதில் இறங்குக. தனியே எவரும் இறங்க வேண்டாம். கொல்லிமலைக்கு வந்தவிடத்தில், ஆகாய கங்கை அருவியின் அடியில் கடிகாரத்தோடு நீந்திப் பார்க்க நினைக்கும் அன்பருக்கு ஒரு வார்த்தை: அங்கே பாறையும் வேகமும் அதிகம், குளித்துவிட்டு வாருங்கள். அளவெல்லாம், திரும்பி ஏற வேண்டிய ஆயிரத்துச் சொச்சம் படிகளில் கிடைத்துவிடும்.