உடைவாளும் கைத்துப்பாக்கியும்

திருக்குறளிலே படைச்செருக்கு என்பது எழுபத்தெட்டாம் அதிகாரம். அங்கே ஒரு வீரன் வருகின்றான். கையில் இருந்தது ஒரே ஒரு வேல். எதிர்த்து வந்த களிற்றின்மேல் அதனை எறிந்துவிட்டான். களிற்றோடு வேலும் போயிற்று. இனிக் கை வெறுங்கை. அடுத்து வரும் களிற்றுக்கு வேல் தேடித் திரிகின்றான் என்று உரை விரிப்பர் பரிமேலழகர். தேடித் திரிந்தவன் தன் மார்பிலே தைத்து நிற்கும் பகைவன் வேலைக் காண்கின்றான், பறிக்கின்றான், மகிழ்கின்றான்.

இக்குறளைப் பல ஆண்டுகளாகப் படிப்பித்து வருகின்றேன். அந்த மகிழ்ச்சியிலே வகுப்பு முழுவதும் மூழ்கிவிடுவது வழக்கம். இவ்வருடம் மூழ்கவில்லை. பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அவனுடைய இடுப்பிலே ஒரு வாள் இருந்திருந்தால் நெஞ்சிலே கிடந்ததைப் பிடுங்க வேண்டி வந்திராதே. அரசன் ஏன் கொடுக்கவில்லை?" என்றான்.

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை காலமும் நான் வீரனையே பார்த்து வந்தேன். இந்தப் பையன் அரசனைப் பார்த்துவிட்டான். போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டை அண்டிப் பிறந்தவன் அவன். துவக்குச் சத்தம் கேளாத காது. எங்கள் தலைமுறை துவக்கைக் கண்டால் வேலியோரம் ஒதுங்கும். அதனைச் சுமந்து நிற்பவனுக்கு என்ன வேண்டும், என்ன இல்லை என்று எண்ணிப் பார்க்க எங்களுக்கு மனம் இருந்ததில்லை. நாளை விடை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நாளை என்றது மூன்று கிழமையாயிற்று.

உடைவாள் என்ற சொல்லே விடையின் ஒரு பங்கைத் தந்துவிடுகின்றது. கையில் இருப்பது வேறு. உடையோடு அரையிற் கிடப்பது உடைவாள். சுரிகை என்பதும் அதுவே. ஆங்கிலரும் இத்தகைய கருவிக்குப் பக்கத்திற் கிடக்கும் ஆயுதம் என்னும் பொருள்படவே பெயர் வைத்தனர். எறிந்த வேல் போய்விடும். எய்த அம்பு தீர்ந்துவிடும். போவதையும் தீர்வதையும் நம்பிக் களம் புகுந்தவனுக்குப் போகாதது ஒன்று அரையிலே வேண்டும். உரோமக் காலாள் எறிவேலை எறிந்தபின் குறுவாளை உருவினான். 1415ஆம் ஆண்டு பிரான்சிலே அசின்கோர்ட் என்னும் இடத்தில், ஆங்கில வில்லாளர் வில்லை வைத்துவிட்டு வாளும் கோடரியும் சம்மட்டியும் ஏந்தி, சேற்றிலே சிக்குண்ட கவசவீரர்மேற் பாய்ந்தனர். அவர்கள் பிரபுக்கள் அல்லர், சாதாரண வில்லாளர். அவர்களுக்கும் இரண்டாம் ஆயுதம் இருந்தது.

அப்படியானால் பிற்காலத்துச் சிப்பாயின் அரையிலிருந்து அது எப்படிக் கழன்றது? இதற்கு ஸ்கொத்லாந்துக்குப் போக வேண்டும்.

1689 யூலை 27. கில்லிக்கிராங்கி என்னும் மலைக்கணவாய். அரசாங்கப் படையின் கையில் துப்பாக்கி. அதன் வாய்க்குள்ளே செருகும் கத்தி ஒன்றும் உண்டு. செருகினால் துப்பாக்கி ஈட்டியாகும். ஆனால் சுட முடியாது. சுட வேண்டுமானாற் கத்தியைப் பிடுங்க வேண்டும். மேட்டிலே மலைநாட்டார் நின்றனர். அவர்கள் ஒருமுறை சுட்டார்கள். துப்பாக்கியைக் கீழே எறிந்தார்கள். அகன்ற வாள்களை உருவிக்கொண்டு சரிவிலே பாய்ந்து வந்தார்கள். கீழே நின்றவர்கள் கத்தியைச் செருகுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கை பொருத்துகின்ற வேலையில் இருக்கும்போதே தலை போயிற்று. மலைநாட்டாரின் தலைவர் டண்டீயும் அன்றே வீழ்ந்தார். ஆயினும் வெற்றி வாளுக்கே.

தோற்றவர்கள் பாடம் படித்தார்கள். துப்பாக்கிக் குழாயின் வாயை அடையாமல், அதன் வெளிப்புறத்திலே வளையமாய்ப் பூட்டிக்கொள்ளும் முனைக்கத்தி பரவியது. இனிக் கத்தி பூட்டியபடியே சுடலாம். துப்பாக்கியும் ஈட்டியும் ஒன்றாயின. அதன்பின் சிப்பாய்க்கு வாள் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு கழிவதற்குள் பிரித்தானியக் காலாளிற் பெரும்பாலோரின் அரை வெறுமையாயிற்று. அதிகாரியின் அரை வெறுமையாகவில்லை. வாள் இருந்த இடத்திற் பின்னர் சுழற்றுப்பாக்கி வந்தது. பக்கத்து ஆயுதம் தேவைக்கு உரியதாய் இருந்த நிலை மாறி, தரத்துக்கு உரிய அடையாளமாயிற்று. முதலாம் உலகப்போரிலே அந்த அடையாளத்தைப் பார்த்தே மறைந்திருந்து சுடுவோர் அதிகாரிகளைத் தெரிந்தெடுத்துச் சுட்டனர் என்பதும், அதனால் இளம் அதிகாரிகள் சிலர் சிப்பாயின் துப்பாக்கியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டனர் என்பதும் இக்கதையில் ஒரு வேடிக்கை.

அந்தப் போரின் பதுங்குகுழிகளிலேதான் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. குழியோ ஒடுக்கம். துப்பாக்கியும் முனைக்கத்தியும் சேர்ந்தால் ஓர் ஆளின் உயரத்தை எட்டும், திருப்ப இடமில்லை. இரவிலே எதிரியின் குழிக்குட் பாயச் சென்றவர்கள் தடிக்கு ஆணி அறைந்துகொண்டு போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் பேரரசுகள் பீரங்கிகளை மலைபோற் குவித்துவிட்டுத் தம் மக்களை ஆணித்தடியோடு அனுப்பின!

அந்தப் போரிலேதான் அல்வின் யோர்க் வருகின்றார். தெனசி மலைப்புறத்து வேட்டைக்காரர். கொலை செய்தல் சமயத்துக்கு ஆகாதென்று போரிலிருந்து விலக்குக் கேட்டவர், அது கிடைக்கவில்லை. 1918 ஒக்டோபர் 8ஆந் திகதி, ஆர்கோன் காட்டிலே, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நெடுந்துப்பாக்கியோடு தனித்து நின்று சுட்டுக்கொண்டிருந்தார். ஜேர்மானியர் அறுவர் முனைக்கத்தியை நீட்டியபடி அவர்மேல் ஓடிவந்தனர். கைத்துப்பாக்கியை எடுத்தார். கடைசியில் வந்தவனை முதலிற் சுட்டார். பின்னிருந்து முன்னாக அறுவரும் வீழ்ந்தனர். காட்டு வான்கோழி வேட்டையிற் கற்ற முறை அது. பின்னால் வருவது விழுந்ததை முன்னால் வருவது அறியாது. அன்று பிடிபட்டவர் 132 பேர். யோர்க்கோ அதிகாரி அல்லர், கோப்பிரல் தரத்தவர். அரையில் அது இல்லாவிடில் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யோர்க் பிழைத்ததற்கு மகிழ்வதா, தமக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்று அறியாமலே ஓடிவந்த அந்த அறுவருக்கு இரங்குவதா என்று தெரியவில்லை.

இவ்வளவும் படித்தபின், ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு கைத்துப்பாக்கி கொடுத்தே தீரவேண்டும் என்று தீர்ப்பெழுத இருந்தேன். தடுத்தது தராசு.

1911ஆம் ஆண்டிலே அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கி, ரவை இல்லாமலே 1.1 கிலோகிராம். ரவையும் உறையும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். இக்காலத்து நெடுந்துப்பாக்கிக்கு முப்பது ரவை கொண்ட கூடு ஒன்று ஏறத்தாழ அரைக் கிலோ. ஆகவே கைத்துப்பாக்கியைத் தூக்குபவன் தொண்ணூறு ரவையை விட்டுவிட்டுத் தூக்குகின்றான். அல்லது ஒன்றரைப் போத்தல் தண்ணீரை விட்டுவிட்டு. விடாமல் எல்லாவற்றையும் தூக்கினால் என்னவாகும் என்பதை மார்ஷல் என்னும் அமெரிக்கர் 1950ஆம் ஆண்டிலே ஒரு நூலாகவே எழுதினார். சிப்பாயின் சுமையே அதன் பொருள். 1944 யூன் 6ஆந் திகதி நோர்மண்டிக் கரையிலே சுமை மிகுதியால் நீரிலிருந்து ஏற மாட்டாமல் மாண்டவர்களும் உண்டு. ஒரு பொருள் உதவும் என்பது வேறு. அதனைச் சுமந்துகொண்டு உயிரோடு அவ்விடம் போய்ச் சேரலாம் என்பது வேறு.

கைத்துப்பாக்கி பழக்கத்துக்கும் எளியதன்று. ஐம்பது மீற்றருக்கு அப்பால் அதனை நம்ப முடியாது. குழாய் குறுகியது, பழகாதவன் கையிலே சற்றுத் திரும்பினால் தன் தொடையையோ தோழனையோ நோக்கும். யோர்க் சிறுவயது முதற் சுட்டுப் பழகியவர் என்பதை மறந்துவிடலாகாது.

அமெரிக்கர் இரண்டாம் உலகப்போரிலே வேறொரு வழி கண்டனர். சாரதி, தந்திக்காரர், குண்டெறி குழாய்க்காரர் ஆகியோருக்கு நாலேகாற் கிலோ நெடுந்துப்பாக்கி இடைஞ்சல்; கைத்துப்பாக்கியோ போதாது. ஆகவே 2.4 கிலோ அளவான சிறு துப்பாக்கி ஒன்றை 1941இல் ஏற்றுக்கொண்டு, அறுபது இலட்சத்துக்கு மேற் செய்து கொடுத்தனர். முதல் ஆயுதத்தையே ஆளுக்கும் தொழிலுக்கும் தக்கபடி மாற்றிவிட்டார்கள். இது அறிவுடைய காரியம்.

ஆனால் எந்தத் துப்பாக்கியையும் குறுக்கிப் பயன்படாத இடமும் உண்டு. வியற்நாமிலே கூசி நிலத்தடிச் சுரங்கங்களுள் மெலிந்த உடம்பினரான சிப்பாய்கள் ஊர்ந்து இறங்கினர். ஒரு கையிலே மின்சூள், மறுகையிலே கைத்துப்பாக்கி. அங்கே அதுவே முதல் ஆயுதம். ஆப்கானித்தானத்தில் வேறு வகை. சீருடை அணிந்த தோழனே முகாமுக்குள் திரும்பிச் சுட்ட நிகழ்ச்சிகள் 2012இல் மலிந்தன. உண்ணும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் நெடுந்துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு திரிய முடியுமா? 2013இல் பிரித்தானியா தன் பழைய கைத்துப்பாக்கியை மாற்றி 25,000க்கு மேற்பட்ட புதியவற்றை வாங்கியது.

ஆக, என் துணிபு இது. வெளியிலே நெடுந்துப்பாக்கியோடு நடக்கும் சாதாரண சிப்பாய்க்குக் கைத்துப்பாக்கி வேண்டியதில்லை. அந்தச் சுமையை ரவையாகவும் நீராகவும் கொடுத்தல் நன்று. பெருந்துப்பாக்கியை இயக்குபவன், காயப்பட்டவனைத் தூக்குபவன், சுரங்கத்திலும் ஒடுங்கிய மனையிலும் புகுபவன், முகாமிலே கைவெறிதாய் இருப்பவன் ஆகியோர்க்கு அது வேண்டும். தரம் பாராமற் கொடுக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவரின் அரையிலே பளபளப்பதை அவிழ்த்தே கொடுக்கலாம்.

மூன்று கிழமைக்குப் பின் வகுப்பிலே அந்தக் குறளை மீண்டும் எடுத்தேன். "தம்பி, பரிமேலழகரை ஒருக்கால் உற்றுப் பார். அந்த வீரன் எதைத் தேடித் திரிகின்றான்?" என்று கேட்டேன்.

"வேலை, ஐயா."

"வாளை அன்று. வருவது களிறு. அதன் முன்னே உடைவாள் என்ன செய்யும்? அவனுக்கு வேண்டியிருந்தது இன்னொரு வேல்."

பையன் சிறிது நேரம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்படியானால் அதையும் அரசன் கொடுக்கவில்லைத்தானே, ஐயா" என்றான்.

மணி அடித்தது. இந்தமுறை வகுப்புச் சிரிக்கவில்லை.