கடலடியில் ஒரு மழைக்கணக்கு

சென்ற வாரம் மாயர்களின் திக்கால் நகரத்தில் நிறுத்தியிருந்தோம். கி.பி. 869-க்குப் பிறகு அங்கே தேதி பொறித்த கல்தூண் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஏன்? விடையின் ஒரு துண்டு கடலுக்குள் கிடக்கிறது.

பெலீஸ் சிட்டியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, லைட்ஹவுஸ் ரீஃப் என்ற பவளத்திட்டின் நடுவே ‘நீலப் பள்ளம்’ என்ற கடற்குழி இருக்கிறது. குறுக்களவு 300 மீட்டருக்கு மேல், ஆழம் சுமார் 124 மீட்டர். சுற்றிலும் பவளம் தெரியும் அளவுக்கு ஆழமில்லாத பச்சைத் தண்ணீர். பள்ளத்தின் மேல் மட்டும் மைநீலம். 1971-ல் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ தன் கலிப்ஸோ கப்பலை இங்கே கொண்டுவந்தார். கீழே இறங்கியவர்கள், பாறை உள்வாங்கிய இடத்தில் சுண்ணாம்புக்கல் விழுதுகள் தொங்குவதைக் கண்டார்கள்.

இந்த விழுதுகள் தண்ணீருக்குள் வளராது. குகைக்கூரையில் கசியும் மழைநீர், காற்றுவெளியில் சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பைப் படியவிட்டால்தான் வளரும். ஆக, இது ஒருகாலத்தில் தரையாக இருந்த இடம். பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தபோது, மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகை குடைந்தது. கூரை இடிந்து விழுந்தது. பனி உருகிக் கடல் ஏறியதும் பள்ளம் மூழ்கியது. யுகாத்தானில் மாயர்கள் தண்ணீர் எடுத்த, மழைத்தெய்வம் சாக்குக்குக் காணிக்கை இட்ட செனோத்தே கிணறுகளும் இதே வழியில் பிறந்தவைதான்.

என்னை வியக்கவைப்பது பள்ளத்தின் அடிதான். சுமார் 90 மீட்டருக்குக் கீழே ஹைட்ரஜன் சல்பைடு படலம். அதற்கும் கீழே ஆக்சிஜனே இல்லை. சேற்றைக் கிளற ஒரு புழுகூடக் கிடையாது. அதனால் வண்டல், படிந்தது படிந்தபடி அடுக்கடுக்காக நிற்கிறது. மழை நன்றாகப் பெய்தால், நிலப்பகுதியின் பாறைகள் அரிக்கப்பட்டு டைட்டானியம் ஆறுகள் வழியே கடலுக்கு வரும். மழை பொய்த்தால் அது குறையும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே ட்ராக்ஸ்லர் குழு, இங்கும் பக்கத்துக் கடற்பகுதியிலும் எடுத்த வண்டலில் இந்தக் கணக்கைப் பார்த்தது. 9ஆம் நூற்றாண்டின் அடுக்குகளில் டைட்டானியம் சரிந்திருந்தது. தெற்கு மாய நகரங்கள் ஒவ்வொன்றாகக் காலியானதும் அதே நூற்றாண்டில்தான்.

புயல்களும் இந்த வண்டலில் பதிவாகியுள்ளன. திட்டின் விளிம்பிலிருந்து அலை வாரிக்கொண்டு வந்து போடும் பருமணல்தான் அடையாளம். 30 மீட்டர் நீள வண்டல் மாதிரி ஒன்றிலிருந்து, 5,700 ஆண்டுகளில் வீசிய 574 புயல்களைப் பிராங்பர்ட் ஆய்வாளர்கள் 2025-ல் எண்ணிச் சொன்னார்கள்.

ஆனால், வறட்சி மாயர்களை அழித்தது என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்கமாட்டேன். நகரங்கள் அதற்கு முன்பே ஒன்றோடொன்று போரிட்டுக் களைத்திருந்தன. மாயர்கள் அழியவும் இல்லை. தெற்கு பெலீஸில் மோப்பான், கெக்சி கிராமங்கள் இன்றும் மக்காச்சோளம் விதைக்கின்றன. தெற்கு காலியான அந்தக் காலத்தில், அதைவிட வறண்ட வடக்கில் சிச்சென் இட்சா ஓங்கி வளர்ந்தது. கி.பி. 1000-க்கும் 1100-க்கும் இடையே வந்த இரண்டாவது வறட்சியில்தான் அதற்கும் இறங்குமுகம். முதல் வறட்சியை அந்த நகரம் எப்படித் தாங்கியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)