யானைக் காதில் 5 கிலோ அரிசி

வீட்டிலேயே துணி விலங்குப் பொம்மை செய்வது பற்றிப் பேச உட்கார்ந்தால், அரங்கில் எழும் முதல் கேள்வி செய்முறையைப் பற்றியதாக இருப்பதில்லை. "மொத்தம் எவ்வளவு செலவாகும்?" என்பதுதான் அது. இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ கேட்பார். "கண்ணைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது?" கேலாங்கில் நாம் பேசியபோதும் இப்படித்தான் நடந்தது. அங்கே சொன்னவற்றைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

செலவுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு பழைய பருத்திச் சட்டை, ஒரு மலிவான தலையணை, நல்ல நூல்கண்டு ஒன்று, ஊசிப் பொட்டலம் ஒன்று. சட்டை வீட்டிலேயே இருக்கும். மற்றவற்றை 10 வெள்ளிக்குள் வாங்கிவிடலாம். இதில் நான்கு யானைக்குட்டிகள் செய்யலாம். அப்படியென்றால் யானை ஒன்றுக்கு இரண்டரை வெள்ளி.

ஆனால் ஒன்று. துணியிலும் பஞ்சிலும் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். நூலிலும் கண்ணிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

ஊசி குத்த வந்த யானை

கரடி இருக்க, ஏன் யானை என்று கேட்கலாம். கடையில் விற்கும் துணி விலங்குகளின் கதையே ஒரு யானையிலிருந்துதான் தொடங்கியது என்று சொல்லலாம். ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் 1847இல் பிறந்தவர் மார்கரெட் ஸ்டைஃப். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கியதால் சக்கர நாற்காலியில்தான் வாழ்ந்தார். வலக்கையிலும் வலு குறைவு. ஆனாலும் தையல் கற்று, கம்பளித் துணியில் உடைகள் தைத்து விற்றார். 1880 வாக்கில், ஊசி குத்தி வைப்பதற்காகச் சின்ன யானை ஒன்றைத் தைத்தார். பெரியவர்கள் ஊசி குத்துவதற்கு முன், பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள். 1886க்குள் அவர் விற்ற யானைகள் 5,000ஐத் தாண்டிவிட்டன. உலகப் புகழ்பெற்ற கரடி பொம்மை அந்த நிறுவனத்தில் உருவானது அதன் பிறகு, 1902இல்தான்.

நம் தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில் அருகே உள்ள மீனவக் கிராமங்களில் பெண்கள் வேலையும் மன நிம்மதியும் இழந்து நின்றார்கள். உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திய உமா பிரஜாபதி, 2005இல் அவர்களைச் சேர்த்து, வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளால் விரல் அளவுப் பொம்மைகள் செய்யப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பொம்மையின் பெயர் சுனாமிக்கா. அதை விலைக்கு விற்பதில்லை. அன்பளிப்பாகத் தருவார்கள், பெறுகிறவர் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். வெட்டுத் துண்டு என்று நாம் கூட்டித் தள்ளுவதில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, பாருங்கள்.

துணி எங்கே கிடைக்கும்?

முதலில் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பிள்ளைக்குச் சிறியதாகிவிட்ட பள்ளிச் சீருடை, கழுத்து நைந்த சட்டை, ஓரம் கிழிந்த கைலி, பழைய போர்வை எல்லாமே உதவும். இழுத்தால் நீளாத நெசவுத் துணிதான் புதிதாகத் தைப்பவர்களுக்கு நல்லது. பனியன் துணி பஞ்சை அடைத்ததும் கண்டபடி உப்பிவிடும்.

வெளியே வாங்குவதென்றால் கேலாங் வட்டாரத்தில் வாய்ப்புக்குக் குறைவில்லை. கேலாங் சிராய் சந்தையின் மாடியிலும், எதிர்ப்பக்கம் ஜூ சியாட் காம்ப்ளெக்சிலும் துணிக்கடைகள் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு முன்பு பாஜு குரோங் தைக்கும் தையற்கடைகளிலும், தீபாவளிக்கு முன்பு தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைக்கும் கடைகளிலும் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்கும். வேலை நெருக்கடி இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்க் கேளுங்கள். ஒரு பை நிறையக் கிடைக்கலாம்.

எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காய வையுங்கள். பிறகு, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் சாயம் ஒட்டினால் அந்தத் துணி பொம்மைக்கு வேண்டாம். குழந்தை அதைச் சப்பும் என்பதை மறக்கக் கூடாது. பத்தேக் துணிகளை அவசியம் இப்படிச் சோதியுங்கள்.

உள்ளே எதை அடைப்பது?

கைவினைக் கடையில் பொம்மைப் பஞ்சு என்று தனியாக விற்பதைவிட, வீட்டுச் சாமான் கடையில் ஒரு புதிய பாலியெஸ்டர் தலையணை வாங்குவது மலிவு. உள்ளே இருப்பதும் அதே பஞ்சுதான். ஒரு தலையணையில் ஏறக்குறைய 400 கிராம் பஞ்சு இருந்தால், ஒரு சாண் அளவு யானைகள் நான்கை நிரப்பலாம். பழைய தலையணையைப் பிரித்துப் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. அதில் பல ஆண்டுத் தூசும் உண்ணியும் இருக்கும்.

இலவம்பஞ்சு போடலாமா என்று ஒருவர் கேட்டார். போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து வரும் இலவம்பஞ்சுத் தலையணையில் படுத்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. தலையணைக்கு அது அருமை. ஆனால் அந்த இழையில் இயற்கையான மெழுகுத் தன்மை உண்டு, தண்ணீரை எளிதில் ஏற்காது. துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். பிரிக்கும்போது பறக்கும் தூசு மூச்சுக்கும் நல்லதல்ல. துவைக்க வேண்டிய பொம்மைக்கு அது சரிவராது.

அரிசி, பயறு போன்றவையும் வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் வண்டும் பூஞ்சையும் பிடித்துவிடும். தையல் விட்டால் சிறு குழந்தையின் வாய்க்கும் போகும். பிளாஸ்டிக் மணிகளும் அப்படித்தான்.

வெட்டுவதும் தைப்பதும்

ஏ4 தாள் ஒன்றில், பக்கவாட்டில் நிற்கும் யானையின் உருவத்தை வரையுங்கள். நீளம் 20 செ.மீ., உயரம் 15 செ.மீ. போதும். தும்பிக்கையின் அகலம் 4 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கால்கள் 5 செ.மீ. அகலம் இருக்கட்டும். மெலிந்தால் உள்ளே பஞ்சு போகாது. வரைந்த கோட்டுக்கு வெளியே 1 செ.மீ. தள்ளித் துணியை வெட்டுங்கள். உடலுக்கு இரண்டு துண்டுகள், ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்க வேண்டும். காதுகளுக்கு நான்கு துண்டுகள்.

முதலில் இரண்டிரண்டு துண்டாகக் காதுகளைத் தைத்துத் திருப்பிக்கொள்ளுங்கள். உடலின் இரண்டு துண்டுகளையும் சேர்ப்பதற்கு முன்பே காதையும் கண்ணையும் தைத்துவிட வேண்டும். முடிச்சுகள் எல்லாம் உள்பக்கம் போய்விடும், குழந்தையின் நகமும் பல்லும் அங்கே எட்டாது. காதின் அடியில் இரண்டு வரிசை தையல் போடுங்கள்.

பிறகு உடல் துண்டுகளின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று வைத்து, சுற்றிலும் தையுங்கள். தையல் இயந்திரம் இல்லையா? கவலை வேண்டாம், கைத்தையலே போதும். ஆனால் ஊசி முன்னோக்கி மட்டும் ஓடும் ஓட்டத் தையல் கூடாது. ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின்தையல் போடுங்கள். ஓட்டத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். பின்தையல் அப்படி வராது. தையல்கள் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

நூலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே! பாட்டி காலத்துப் பெட்டியில் கிடக்கும் பருத்தி நூல்கண்டு மக்கிப்போயிருக்கும். கையில் சுற்றிச் சுண்டி இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் தூக்கிப் போடுங்கள். புதிய பாலியெஸ்டர் நூல் வாங்கி, இரட்டை இழையாகத் தையுங்கள்.

வயிற்றுப் பக்கம் 5 செ.மீ. திறப்பு விட்டு, வளைவுகளில் தையலுக்கு 3 மில்லிமீட்டர் முன்பு வரை சிறு சிறு வெட்டுகள் கொடுத்து, வெளிப்பக்கம் திருப்புங்கள். பஞ்சை முதலில் தும்பிக்கை நுனியில் அடைக்க வேண்டும். இதற்குச் சாப்பாட்டுக் கடையில் கிடைக்கும் சாப்ஸ்டிக்கைவிடச் சிறந்த கருவி கிடையாது. கூர்முனையை மட்டும் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். சிறு சிறு உருண்டையாக, இறுக்கமாக அடைத்த பிறகு திறப்பை மூடுங்கள்.

தொடங்கும்போது எத்தனை குண்டூசிகள் எடுத்தீர்கள் என்று எண்ணி வையுங்கள். முடிக்கும்போது மீண்டும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும், பொம்மை முழுவதும் காந்தத்தை ஓட்டித் தேடாமல் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். பொம்மை ஆலைகளில் முறிந்த ஊசித் துண்டைக் கண்டுபிடிக்க உலோகம் காட்டும் கருவியே வைத்திருக்கிறார்கள்.

கண் எப்படி இருக்க வேண்டும்?

அந்தக் காலத்துக் கரடிகளுக்குச் சப்பாத்துப் பொத்தான்தான் கண். பின்னர் கம்பியில் கோத்த கண்ணாடிக் கண்கள் வந்தன. இழுத்தால் கம்பியோடு வெளியே வரும். பிரிட்டனில் வெண்டி பாஸ்டன் என்ற பொம்மைத் தயாரிப்பாளர், உள்ளே திருகிப் பூட்டும் கண்ணுக்கு 1948இல் காப்புரிமை பெற்றார். அவரே 1954இல் இயந்திரத்தில் துவைக்கக்கூடிய கரடியையும் கொண்டுவந்தார். அத்தகைய பூட்டுக் கண்கள் இப்போது கைவினைக் கடைகளில் கிடைக்கின்றன. ஆனாலும் நைந்த துணியில் பூட்டினால், கண்ணோடு துணியும் சேர்ந்து கிழிந்து வரும்.

ஆகவே மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு என்றால் பொத்தான் வேண்டாம், மணி வேண்டாம், பூட்டுக் கண்ணும் வேண்டாம். கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்த கண்ணே போதும். செலவும் இல்லை, கழன்று விழவும் எதுவும் இல்லை.

எந்த அளவுப் பொருள் ஆபத்து என்பதற்கு அனைத்துலக அளவில் ஒரு சோதனைக் குழல் இருக்கிறது. அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுவதும் அடங்கும் எந்தத் துண்டும் சிறு குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். வீட்டில் அந்தக் குழலுக்குப் பதிலாகக் கழிவறைத் தாள் சுருளின் அட்டைக் குழாயைப் பயன்படுத்தலாம். அது சற்றே அகலம், ஆகவே நமக்குக் கூடுதல் பாதுகாப்பு. அதற்குள் நுழையும் எதையும் பொம்மையில் வைக்காதீர்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை

ஐரோப்பாவின் இஎன் 71 தரவிதியின்படி, துணிப் பொம்மையின் தையலை 70 நியூட்டன் விசையோடு இழுத்துப் பார்ப்பார்கள். ஏறக்குறைய 7 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். நம் வீட்டில் அந்தக் கருவி இல்லை, ஆனால் 5 கிலோ அரிசிப் பை இருக்கிறதே! யானையின் காதைத் துணி கட்டும் வலுவான கவ்வியால் பிடித்து, அரிசிப் பையை அதில் மாட்டி, பொம்மையை உயர்த்திப் பத்து விநாடி பிடியுங்கள். அடுத்து வாலை, பிறகு தும்பிக்கையைச் சோதியுங்கள். தையல் வாய் பிளந்தால் பிரித்து மறுபடி தையுங்கள். ஆய்வுக்கூடச் சான்றிதழுக்கு இது ஈடாகாது. ஆனால் மோசமான தையலை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னும் இரண்டு செய்திகள். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் எந்தத் துணிப் பொம்மையும் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. முகத்தில் அழுந்தினால் தள்ளிவிட அதற்குத் தெரியாது. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கையில் விளையாடட்டும். கழுத்தில் நீண்ட நாடா கட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் பொம்மையை அடிக்கடி துவைக்க வேண்டும். தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசி உண்ணி சாகும். நடுப்பஞ்சு வரை நன்றாகக் காய வேண்டும். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சை வந்துவிடும்.

விற்க நினைப்பவர்களுக்கு

நன்றாக வந்துவிட்டால் பெருநாள் சந்தையில் ஒரு கடை போடலாமே என்ற எண்ணம் வருவது நியாயம். ஆனால் விலைக்கு விற்கத் தொடங்கியதும் பொறுப்பும் கூடுகிறது. சிங்கப்பூரில் 2011 ஏப்ரல் முதல் நுகர்பொருள் பாதுகாப்பு விதிமுறைகள் நடப்பில் உள்ளன. பொம்மைகளுக்கும் அவை பொருந்தும். ஐஎஸ்ஓ 8124 போன்ற பொம்மைத் தரவிதிகளுக்கு ஏற்பப் பொருள் இருக்க வேண்டும். முதலில் வீட்டுக்கும் உறவுக்கும் செய்து கை பழகுங்கள். விற்பதென்று முடிவெடுத்தால் விதிமுறைகளைப் படித்துவிட்டு இறங்குங்கள். எந்த வயதுக்கு ஏற்றது, உள்ளே என்ன பஞ்சு, எப்படித் துவைப்பது என்ற மூன்றையும் ஒரு சிறு அட்டையில் எழுதித் தருவது நல்ல பழக்கம்.

இந்த வார இறுதியில் அலமாரியில் ஒரு பழைய சட்டையைத் தேடி எடுங்கள். வெட்டவும் தைக்கவும் பெரிய பிள்ளைகளைக் கூட உட்கார வையுங்கள். அரிசிப் பையைத் தூக்கிச் சோதிக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். யானை தேறிவிட்டால் கடைக்குட்டியிடம் கொடுங்கள்.