சுழியோடிகளுக்குக் கயிறு பிடிப்பவர் யார்?

கடலால் சூழப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், தன் கடலின் அடியில் என்ன இருக்கிறது என்பதை அறியாமலே வாழ்ந்து முடிப்பது விசித்திரமான நிலைமைதான். எமது தீவகத்தின் நிலைமை பெரும்பாலும் அதுவே. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்பவருக்கு எதிரே தெரிவது நீர்ப்பரப்பு மட்டும். அந்தப் பரப்பின் கீழே இறங்கிப் பார்ப்பவர்கள் இரண்டு வகையினர். ஒருவர், வயிற்றுப்பாட்டுக்காகக் கடலட்டையும் சங்கும் தேடி இறங்கும் இளைஞர். மற்றவர், முருகைப் பாறைகளையும் மீன்களையும் கண்டு களிக்க விரும்பும் சுற்றுலாப் பயணி. இருவரும் முதுகில் சுமப்பது ஒரே சிலிண்டரைத்தான். இருவரையும் ஆள்வது ஒரே பௌதிக விதிதான். ஆனால் அந்த விதியைப் படித்துவிட்டு இறங்குபவர் பெரும்பாலும் பயணி. படிக்காமல் இறங்குபவர் பெரும்பாலும் நம்மவர். இந்த வேறுபாட்டைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றோம்.

முதலில் நமது கடல் எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முருகைத் தீவு என்றதும் மாலைதீவும் இலட்சத்தீவுமே பலரின் நினைவுக்கு வரும். அவை நடுவே களப்பும் சுற்றிலும் முருகைப் பாறை வளையமுமாக அமைந்தவை. கடலில் தாழ்ந்த எரிமலைகளைச் சூழ்ந்து வளர்ந்த முருகைகளே அத்தகைய வளையங்களாகின்றன என்று சார்ள்ஸ் டார்வின் 1842இல் விளக்கினார். நமது தீவுகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இவை ஆழம் குறைந்த கண்டமேடையின் மீது அமைந்த சுண்ணாம்புக்கல் தீவுகள். நெடுந்தீவுக்குச் சென்றவர்கள், சாந்து பூசாமல் அடுக்கப்பட்ட முருகைக்கல் மதில்களை வீதிதோறும் கண்டிருப்பார்கள். அங்குள்ள பழைய கோட்டையின் சுவர்களும் அதே கல்லால் ஆனவைதான். ஒரு காலத்தில் கடலடியில் உயிரோடு இருந்தவற்றை நாம் வேலியாக அடுக்கி வைத்திருக்கின்றோம்.

உயிருள்ள முருகைகளும் இங்கு உண்டு. நெடுந்தீவு, புங்குடுதீவு, எழுவைதீவு, மண்டைதீவு முதலிய தீவுகளின் கரையோரங்களில் ஆழம் குறைந்த முருகைப் பார்கள் காணப்படுகின்றன. பாக்கு நீரிணைப் பகுதியின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. வெயில் அடிமட்டம் வரை எட்டுவது முருகைகளுக்கு நன்மை. காற்றெழுந்தால் அடிச்சேறும் சேர்ந்தெழுவது தீமை. கலங்கல் நீரையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்கக்கூடிய, பாறை போலத் திரண்டு வளரும் வகைகளே இத்தகைய இடங்களில் நிலைத்து நிற்கின்றன. மாலைதீவின் கண்ணாடி நீரை எதிர்பார்த்து இங்கு வருபவர் ஏமாறுவார். சோளகமும் வாடையும் ஓய்ந்திருக்கும் மாசி முதல் சித்திரை வரையான இடைவெளியே கடல் தெளிந்திருக்கும் காலம். அதுவும் நாளுக்கு நாள் மாறும்.

இக்கடலில் இறங்குவது நமக்குப் புதியதல்ல. மன்னாரில் முத்துக் குளித்தவர்களும், யாழ்ப்பாணக் கடலில் சங்கு குளித்தவர்களும் பல நூற்றாண்டுகளாக மூச்சை அடக்கி இறங்கியவர்களே. வங்காளத்து வளையல் பட்டறைகளுக்குப் போன சங்குகளில் பெருந்தொகை இந்தக் கடலிலிருந்து சென்றவை. ஒல்லாந்தர் அதன் வருமானத்தைக் கண்டு சங்கு குளிப்பைத் தமது கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். முத்துக் குளிப்பவர் காலில் கல்லைக் கட்டி இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் அடியில் இருப்பார். கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். அந்தக் கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பார்கள் என்று சொல்வது வழக்கம். தன் சகோதரி விதவையாவதை எவனும் விரும்பமாட்டான் அல்லவா? உயிர்க்காப்புக்கு நம் முன்னோர் கண்ட ஏற்பாடு அது.

1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞனும் உருவாக்கிய சுவாசக் கருவி இந்த முறையை மாற்றியது. அமுக்கி அடைத்த காற்றைச் சுழியோடி தேவைக்கேற்ப இழுத்துச் சுவாசிக்க முடிந்தது. கயிறு தேவையில்லாமற் போனது. இலங்கைக்கு இக்கலையின் புகழைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இங்கு குடியேறிய அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய திருக்கோணேஸ்வர ஆலயத்தின் சிதைவுகளைத் திருகோணமலைக் கடலடியில் கண்டார்கள். சைவ மக்களின் நெஞ்சில் மட்டும் இருந்த ஒரு வரலாறு அதனால் கண்ணுக்கும் தெரிந்தது.

ஆனால் வடக்கில் சிலிண்டரைப் பரவச் செய்தது வரலாற்று ஆர்வமல்ல, கடலட்டை. நமது சமையலறைகளில் இடமில்லாத இந்த உயிரினம், உலர்த்தப்பட்டு சிங்கப்பூர், ஹொங்கொங், சீனச் சந்தைகளில் பெருவிலைக்குப் போகின்றது. நிலத்துக்கு மண்புழு எப்படியோ கடலடி மணலுக்குக் கடலட்டை அப்படி. மணலை உண்டு, அதிலுள்ள கழிவைச் செரித்து, தூய மணலை வெளியே விடுகின்றது. ஆழம் குறைந்த இடங்களில் அட்டை அருகிய பின், தொழிலாளர் மேலும் ஆழத்துக்குச் செல்ல நேர்கின்றது. ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிலிண்டர்களை முடிக்கும் பழக்கமும் ஏற்படுகின்றது. ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் உடலின் மீதான அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு கூடுகின்றது. மேற்பரப்பில் ஒன்று, 10 மீற்றரில் இரண்டு, 20 மீற்றரில் மூன்று. அமுக்கம் கூடினால் வாயு சுருங்கும், குறைந்தால் விரியும் என்ற போயிலின் விதியை நமது மாணவர்கள் பாடசாலையிலேயே படிக்கின்றார்கள். 10 மீற்றர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்கு இடத்தைக் கேட்கும். நுரையீரல் கிழியும். எனவேதான் சிலிண்டர் சுழியோட்டத்தின் முதற்பாடம், எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே என்பது. மூச்சடக்கிப் பழகிய பரம்பரைக்கு இது நேரெதிரான பாடம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து மறைவானது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 வீதம் நைதரசன். ஆழத்தில், அதிக அமுக்கத்தில் சுவாசிக்கும்போது இந்த நைதரசன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகின்றது. எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவு அதிகமாகக் கரையும். மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியே அமைதியாக வெளியேறிவிடும். விரைந்து வந்தால், மூடியைத் திறந்த சோடாப் போத்தல் போல உடலுக்குள்ளேயே குமிழிகள் எழும். மூட்டுகளில் எழுந்தால் தாங்க முடியாத வலி. முள்ளந்தண்டில் எழுந்தால் கால்கள் மரத்துப்போகும்; சிறுநீர் கழியாது; நிரந்தர ஊனமும் நேரலாம், உயிரும் போகலாம்.

“எங்கள் பாட்டன்மார் ஒன்றும் படிக்காமலே இறங்கவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறான ஒப்பீடு. பாட்டனார் இழுத்துச் சென்றது மேற்பரப்பில் எடுத்த ஒரே மூச்சுக் காற்று. இருந்ததும் ஏறத்தாழ ஒரு நிமிடம். அவர் உடலில் கரைந்த நைதரசன் சொற்பம். பேரன் ஆழத்தின் அமுக்கத்திலேயே காற்றை இழுத்து, அரை மணி, முக்கால் மணி நேரம் அடியில் இருக்கின்றான். மேலே வந்து சிலிண்டரை மாற்றிக்கொண்டு மீண்டும் இறங்குகின்றான். முந்தைய இறக்கத்தின் நைதரசன் உடலில் எஞ்சியிருக்கும்போதே அடுத்த இறக்கம் அதன்மேல் சேர்கின்றது. ஆரம்பப் பயிற்சி பெற்ற சுற்றுலாச் சுழியோடிகளுக்கு உலகெங்கும் 18 மீற்றர் வரையே அநுமதி. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறவும், 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரிக்கவும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கின்றார்கள். பொழுதுபோக்குக்காக ஒருமுறை இறங்குபவருக்குள்ள இந்தக் காவல், நாள்தோறும் இறங்கும் தொழிலாளிக்கு இல்லையென்றால் அதனை நியாயமென்று எப்படிக் கூறுவது?

காற்றை நிரப்பும் இடத்திலும் கவனம் வேண்டும். நிரப்பும் இயந்திரத்தின் காற்று உள்வாங்கும் குழாய், எஞ்சின் புகைபோக்கியின் அருகே இருந்தால் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு சிலிண்டருக்குள் சேர்ந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆழத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். துருப்பிடித்த பழைய சிலிண்டர்கள் குறித்த காலத்துக்கொருமுறை அமுக்கச் சோதனைக்கு உட்படாவிட்டால் அவை வெடிகுண்டுகளுக்கு ஒப்பானவை.

விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியது என்ன? பாதிக்கப்பட்டவரைக் கிடத்தி, தூய ஒட்சிசன் கொடுக்க வேண்டும். தாமதியாமல் வைத்தியசாலைக்கும், அங்கிருந்து அமுக்க அறைச் சிகிச்சை கிடைக்கும் இடத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டும். “மறுபடி இறக்கினால் சரியாகும்” என்று கடலிலேயே வைத்தியம் பார்ப்பது உயிராபத்தானது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மேலும் தரைவழிப் பயணம். நேரமே மருந்தாக உள்ள ஒரு நோய்க்கு இந்தத் தூரம் எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தீவகத்துக்குச் சுற்றுலாச் சுழியோட்டம் வருவதை நாம் எதிர்க்கவில்லை. பலாலி விமான நிலையம் 2019இல் சென்னையுடன் இணைக்கப்பட்ட பின் பயணிகள் வருவதற்கு வழி எளிதாகியிருக்கின்றது. சுழியோடிய பின் 18 முதல் 24 மணி நேரம் வரை விமானம் ஏறக்கூடாது என்ற விதியால், அவர்கள் இங்கு ஒரு நாள் கூடுதலாகத் தங்கவும் நேரும். ஆனால் முருகைகள் ஏற்கெனவே நோயாளிகள். கடல் சூடேறும்போது அவற்றுக்கு உணவளிக்கும் நுண்ணிய பாசிகள் நீங்கி, முருகைகள் வெளுக்கின்றன. 1998இலும் 2016இலும் இந்தியப் பெருங்கடலில் அது பெருமளவில் நிகழ்ந்தது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளுப்பு நடைபெறுவதாக அறிஞர்கள் அறிவித்தார்கள். இந்நிலையில் நங்கூரத்தை முருகை மீது எறியும் படகும், துடுப்புக் காலால் அதனை மிதிக்கும் பயணியும் வேண்டாத விருந்தாளிகளே. இழுவைமடியைச் சட்டம் மூலம் 2017இல் தடை செய்த நாடு, சிறு நங்கூரத்தையும் கவனிக்கத்தான் வேண்டும். நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. கடலடிக்கும் அத்தகைய அக்கறை தேவை.

மற்றொரு செல்வமும் உண்டு. நயினாதீவில் உள்ள, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறையாகிய இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளைக் காக்க வேண்டுமென்கின்றது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி அரசுக்கு என விதிக்கின்றது. பங்கு பிரிக்க ஆணை தேவைப்பட்ட அளவுக்கு இங்கு கப்பல்கள் வந்தன, உடைந்தன என்பதே அதன் பொருள். அவற்றின் எச்சங்கள் கடலடியில் இருக்கக்கூடும். அவற்றைக் காண்பவர் அகழ்ந்தெடுக்காமல் அறிவிப்பவராக இருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. கடலட்டை, சங்கு பிடிக்கும் சுழியோட்டத்துக்கு அநுமதிப்பத்திரம் வழங்கும் கடற்றொழில் திணைக்களம், பயிற்சியையும் மருத்துவப் பரிசோதனையையும் அதற்கு முன்நிபந்தனையாக்கட்டும். அந்தப் பயிற்சி தமிழில், தீவகத்திலேயே, தொழிலாளர் தாங்கக்கூடிய செலவில் நடக்கட்டும். நெடுந்தீவு, ஊர்காவற்றுறை வைத்தியசாலைகளிலும் தொழிற்படகுகளிலும் ஒட்சிசன் இருக்கட்டும். எந்த அமுக்க அறைக்கு, எந்த வழியில், எந்த இலக்கத்தை அழைத்துச் செல்வது என்பது ஒவ்வோர் இறங்குதுறையிலும் எழுதி ஒட்டப்படட்டும். கடற்றொழிலாளர் சங்கங்கள் ஒரு நாளில் எத்தனை சிலிண்டர் என்பதற்குத் தாமே வரம்பு கட்டட்டும். நாளை பயணிகள் வரும்போது அவர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாக, இக்கடலை அறிந்த இந்த இளைஞர்களே பயிற்றப்படட்டும். கடலைச் சுரண்டித்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை, கடலைக் காட்டியும் பிழைக்கலாம் என்று மாறினால் முருகையும் தப்பும், மனிதனும் தப்புவான்.

அன்று கயிற்றை மைத்துனன் பிடித்தான். சிலிண்டர் வந்தபோது கயிறு போனது. அதன் தேவை போகவில்லை. பயிற்சியும் சட்டமும் சிகிச்சையும் சேர்ந்ததே இன்றைய கயிறு. அதன் மேல்முனை இப்போது அரசினதும் சமூகத்தினதும் கையில் இருக்கின்றது. கீழே இருப்பவன் அசைக்கும்போது இழுப்பதற்கு ஆளிருக்க வேண்டும்.