ஊசி முன்னே, ஆட்டம் பின்னே

பார்வையாளர் நேரத்தில் வார்டுகளைச் சுற்றி வரும்போது எங்கள் காதில் விழும் பேச்சில் பாதி நோயைப் பற்றியதாக இருப்பதில்லை. நேற்றைய கிரிக்கெட், புதிய திரைப்பாடல், தொலைக்காட்சித் தொடரின் திருப்பம், பிள்ளைகள் ஆடும் கைப்பேசி ஆட்டம் என்று அது நீளும். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையும் தாயக்கட்டையும் இருந்த தலைமாட்டில் இன்று கைப்பேசி இருக்கிறது. "எல்லாவற்றுக்கும் இந்தப் போன்தான் காரணம்" என்று மூதாட்டி ஒருவர் தீர்ப்புச் சொல்வார். இரவுத் தொடரை மட்டும் அவர் தவறவிடமாட்டார்.

இத்தகைய தீர்ப்பை நாங்களும் எளிதாக வழங்கி வந்தோம். அதை மாற்றிக்கொள்ளச் செய்த நிகழ்வொன்றை, நோயாளியின் அடையாளம் வெளிப்படாதவாறு இங்கே பகிர்கிறோம்.

திட்டக்குடியை அடுத்த வெள்ளாற்றங்கரைச் சிற்றூரிலிருந்து, முதல் வகை நீரிழிவு உடைய பள்ளி மாணவன் ஒருவன் விடியற்காலையில் கொண்டுவரப்பட்டான். ஓயாத வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, தடுமாறிய நினைவு. இன்சுலின் இல்லாமையால் இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் சேர்ந்துவிட்ட நிலை அது. சிகிச்சை தாமதித்தால் உயிரையே பறிக்கக்கூடியது. இரண்டு நாள்களாக நண்பர்களோடு கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் மூழ்கியிருந்தவன், ஊசியைப் "போட்டாயிற்று" என்று தாயிடம் சொல்லி வந்திருக்கிறான்.

அவன் தேறியதும், கைப்பேசியைப் பறித்து வைக்குமாறு பெற்றோரிடம் கூறினோம். அப்போது அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஆட்டத்தில் தோற்றால் மறுபடியும் தொடங்கலாம், டாக்டர். சர்க்கரை அளவைக் காட்டினால் திட்டுதான் கிடைக்கும்."

அச்சொல் எங்களைச் சுட்டது. ஆட்டம் சிறு முயற்சிக்கும் உடனே ஒரு புள்ளி தருகிறது. நாங்களோ அவனுடைய குறிப்பேட்டில் உயர்ந்த எண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டதோடு சரி. அவன் அளவு பார்ப்பதை நிறுத்தியது திட்டுக்கு அஞ்சியே. ஆட்டம் அவனுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாயிற்று.

ஆகவே அவனோடும் பெற்றோரோடும் அமர்ந்து மூன்று உடன்பாடுகள் செய்தோம். ஊசி முன்னே, ஆட்டம் பின்னே. இரவு 10 மணிக்குப் பிறகு கைப்பேசி பெற்றோர் அறையில். குறிப்பேட்டில் எந்த எண் இருந்தாலும், உள்ளபடி எழுதியதற்குப் பாராட்டு, அதன் பிறகே அறிவுரை. அதற்குப்பின் அவன் அந்த நிலையில் எங்களிடம் வந்ததில்லை. குறிப்பேட்டில் விடுபட்ட நாள்கள் இன்றும் உண்டு, ஆனால் பொய் எண்கள் இல்லை.

ஆட்டமே மருந்துக்குத் துணை நின்றதும் உண்டு. புற்றுநோயுற்ற இளையோருக்காக அமெரிக்காவில் 'ரீ-மிஷன்' என்ற வீடியோ கேம் உருவாக்கப்பட்டது. 13 முதல் 29 வயது வரையுள்ள 375 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. அந்த ஆட்டத்தை ஆடியவர்கள், வேறு ஆட்டம் ஆடியவர்களைவிடத் தங்கள் மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டனர்.

அதனால் ஆபத்தே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ஆட்ட அடிமைநிலை ஒரு நோயாகவே இடம்பெற்றுள்ளது. ஆடும் நேரத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முதன்மையாதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ குடும்ப வாழ்வையோ குலைத்தால்தான் அது நோய். விடுமுறையில் நான்கு நாள் அளவுமீறி ஆடுவது நோயாகாது.

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் வேறு வகை. அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. சிகிச்சைக்கென வைத்திருந்த தொகையை அவற்றில் இழந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள். அல்லது 14416 என்னும் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

நோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. "எவ்வளவு நேரம் ஆடினாய்?" என்று தொடங்காமல், "ஊசி போட்டாயா, சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேளுங்கள். இம்மூன்றும் ஒழுங்காக நடந்தால், மீதியை அமைதியாகப் பேசித் தீர்க்கலாம். "இல்லை" என்று உண்மையாகப் பதில் வந்தால் சினம் கொள்ளாதீர்கள். மறுமுறையும் உண்மையே வரவேண்டும் அல்லவா?

மூதாட்டியின் இரவுத் தொடருக்கும் இதுவே அளவுகோல். அவர் இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் பார்க்கட்டும்.