இடம் மாறிய இஞ்சினுக்குக் காற்றுக் கணக்கு

அமெரிக்கக் காயலாங்கடைகளில் விபத்தில் நொறுங்கிய ஷெவர்லே பிக்அப்களைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வண்டி வேண்டாம், அதன் வி8 இஞ்சின்தான் வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1997இல் கொர்வெட் காரில் எல்எஸ்1 என்ற 5.7 லிட்டர் இஞ்சினைக் கொண்டுவந்தது. 1999 முதல் அதே குடும்பத்தின் 4.8, 5.3, 6.0 லிட்டர் இஞ்சின்கள் பிக்அப்களில் ஏராளமாக வந்தன. கேம் ஷாஃப்ட் சிலிண்டர்களுக்கு மேலே இல்லாமல் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் இந்த வி8 அளவில் கச்சிதமானது. டாட்சன் 240இசட், மாஸ்டா மியாட்டா, வால்வோ 240 என்று உறவே இல்லாத கார்களின் பானெட்டுக்குள்ளும் அதை உட்கார வைத்துவிடுகிறார்கள்.

வெல்டிங் தெரிந்தால் மவுன்ட் அடித்துவிடலாம். கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் பம்ப் தரும் அழுத்தம் போதாது. இந்த இன்ஜெக்டர்களுக்குச் சுமார் 58 பிஎஸ்ஐ வேண்டும் என்பதால் பம்பையும் மாற்றுவார்கள். வயரிங் முடிந்து சாவியைத் திருப்பினால் இஞ்சின் உறுமிக்கொண்டு எழும். இரண்டு விநாடியில் அணைந்துவிடும். மறுபடி திருப்பினால் மறுபடியும் அதே கதை.

இஞ்சினில் கோளாறு இல்லை. இஞ்சின் முன்பு இருந்த பிக்அப்பின் திருட்டுத் தடுப்புப் பகுதியிலிருந்து வரவேண்டிய அனுமதிச் சமிக்ஞை வராததால், இஞ்சினின் கம்ப்யூட்டர் தன் கடமையைச் செய்து பெட்ரோலை நிறுத்துகிறது. இஞ்சின் மாற்றுகிறவர் கம்ப்யூட்டருக்குள் முதலில் திருத்துவது பெரும்பாலும் இந்த ஓர் அமைப்பைத்தான். அது முடிந்து இஞ்சின் நின்று ஓடத் தொடங்கிய பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பம்.

ட்யூனிங் என்றால் குதிரைத்திறனைக் கூட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். இடம் மாறிய இஞ்சினைப் பொறுத்தவரை அது முதலில் காற்றுக் கணக்கு. எல்எஸ்1இன் 5,665 கன சென்டிமீட்டரை எட்டால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 708 வரும். கடல் மட்டத்தில் அது முழுதாக நிரம்பினால் உள்ளே போகும் காற்று சுமார் 0.85 கிராம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று தேவை என்பதால், அந்தச் சிலிண்டருக்கு வேண்டியது ஏறத்தாழ 58 மில்லிகிராம் பெட்ரோல். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு 50 முறை இந்த அளவைத் தீர்மானிக்க வேண்டும். உள்ளே வந்த காற்று எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குச் சரியாகத் தெரிந்தால் மீதி வெறும் வகுத்தல்தான். தெரியாவிட்டால் அதற்கு அடுத்த எல்லாமே தப்பு.

காற்றை அறிய எல்எஸ்1 காலத்துக் கம்ப்யூட்டருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, காற்று வரும் குழாயில் இருக்கும் ‘மாஃப்’ சென்சார். அதிலுள்ள சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து எடையை நேரடியாக அளக்கும். இன்னொன்று ஊகம். இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம், வெப்பநிலை, சுழற்சி வேகம் மூன்றையும் பார்த்து, ‘வி.இ. டேபிள்’ என்ற அட்டவணையில் சிலிண்டர் எத்தனை சதவீதம் நிரம்பும் என்று தேடி எடுக்கும். 4,000 சுற்றுக்குக் கீழே இரண்டையும் கலந்து பார்க்கும். அதற்கு மேல் மாஃப் சொல்வதையே நம்பும்.

இந்த எண்களை எல்லாம் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் அந்த பிக்அப்பின் ஏர் ஃபில்டர் பெட்டி, குழாயின் விட்டம், சைலன்சர் ஆகியவற்றோடு சேர்த்து அளந்து எழுதினார்கள். டாட்சனின் பானெட்டுக்குள் குழாய் வேறு, வளைவு வேறு. மாஃப் சென்சாருக்குச் சற்று முன்னால் ஒரு கூர்மையான வளைவு வந்தாலே காற்று ஒருபக்கமாகப் பாய்ந்து அளவு பிசகும். இஞ்சின் அதேதான், ஆனால் எண்கள் வேறொரு வீட்டுக்கு எழுதப்பட்டவை.

பிசகு எவ்வளவு என்று கம்ப்யூட்டரே சொல்லும். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து அது பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. இந்தத் திருத்தத்துக்கு ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்று பெயர். ட்ரிம் கூட்டல் 12 சதவீதம் காட்டினால், கம்ப்யூட்டர் நினைத்ததைவிட அவ்வளவு அதிகமாகக் காற்று வருகிறது என்று பொருள். லேப்டாப்பில் பதிவு செய்து, எந்தச் சுழற்சியில், எந்த அழுத்தத்தில் இது வந்தது என்று பார்த்து, அட்டவணையில் அந்தக் கட்டத்தின் எண்ணை 1.12ஆல் பெருக்கலாம். மாஃபின் அட்டவணையையும் இப்படித்தான் தனியாகத் திருத்த வேண்டும்.

பாடம் இவ்வளவு எளிது. ஆனால் பெருக்குவதற்கு முன் சந்தேகப்படக் கற்க வேண்டும். ட்ரிம் ஐடிலில் மட்டும் ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால், இன்டேக் கேஸ்கெட்டிலோ வேக்குவம் ஹோஸிலோ காற்று கசியலாம். பாரம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பம்பும் ஃபில்டரும் போதிய பெட்ரோல் தரவில்லையோ என்று பார்க்க வேண்டும். வீட்டில் வெல்டிங் செய்த புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் மெல்லிய விரிசல் இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்து பெட்ரோல் போதவில்லை என்று பொய் சொல்லும். ஒரு பிளக் பற்றாமல் போனாலும் இதே பொய்தான், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வருவதால். இவற்றைச் சரிசெய்யாமல் எண்ணை மாற்றுகிறவர் கோளாறை அட்டவணைக்குள் புதைக்கிறார். நல்ல ட்யூனர் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் பிரஷர் கேஜை எடுக்கிறவர் என்பது என் உறுதியான கருத்து.

சாதாரண ஆக்சிஜன் சென்சாருக்கு 14.7க்கு இப்பக்கமா அப்பக்கமா என்று மட்டுமே தெரியும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது கலவை 12.5 முதல் 13 வரை இருக்க வேண்டும். அதை அளக்க வைட்பேண்ட் சென்சார் தனியாகப் பொருத்தியே ஆகவேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது பிஸ்டனை உருக்கும். எத்தனாலும் கணக்கில் சேரும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.1 பங்கு காற்று போதும், இ85க்கு ஏறக்குறைய 9.8. இந்தியாவில் இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலும் 14.7க்குக் கீழேதான் வரும்.

ஸ்பார்க்கைக் கடைசியில் தொட வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பாகப் பொறி விழ வேண்டும் என்பதற்கும் ஓர் அட்டவணை உண்டு. எல்எஸ் இஞ்சின்களில் முழு பாரத்தில் அது பெரும்பாலும் 25 முதல் 28 டிகிரி. மேலும் முன்னே தள்ளினால் ஓர் எல்லைக்குப் பிறகு திறன் கூடாது, நாக்கிங்தான் கூடும். கலவை சரியில்லாத இஞ்சினில் டைமிங்கை மாற்றினால் எது எதனால் நடந்தது என்றே தெரியாது. கூலிங் ஃபேன் எந்த வெப்பத்தில் ஓட வேண்டும், டயர் அளவு மாறியதால் ஸ்பீடோமீட்டர் எப்படிக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் ஒருநாள் வேலை.

இஞ்சினை வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய எல்எஸ் கிராங்க் ஷாஃப்ட்டின் சென்சார் சக்கரம் 24 துடிப்பு முறை, பிந்தைய தலைமுறையில் 58 பல். ஒன்றின் கம்ப்யூட்டருக்கு மற்றதன் மொழி புரியாது. அதனால் இஞ்சினோடு அதன் கம்ப்யூட்டரையும் வயரிங்கையும் சேர்த்தே வாங்குவது நல்லது. எச்பி ட்யூனர்ஸ், இஎஃப்ஐ லைவ் போன்ற மென்பொருள்களில் எதை வைத்துத் திறந்தாலும் முதல் வேலை, அசல் கோப்பைப் படித்துப் பத்திரப்படுத்துவது. எழுதும்போது பேட்டரி இறங்கிவிட்டால் கம்ப்யூட்டரே செயலிழந்துபோகலாம். சார்ஜரை மாட்டிவிட்டு எழுதுங்கள்.

சட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. கலிஃபோர்னியாவில், மாற்றும் இஞ்சின் காரின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக, தன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாவற்றோடும் இருக்க வேண்டும். 2021 ஜூலை முதல் அங்கே புகைச் சோதனையில் கம்ப்யூட்டர் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ஒரு எண்ணைத் திருத்துவது சில நிமிட வேலைதான். அந்தப் புகையைச் சுவாசிப்பது தெருவில் நடக்கிறவர்கள். அதைச் செய்யாதீர்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது.

ஆனால் கற்க இஞ்சினை மாற்ற வேண்டியதில்லை. இன்றைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கிறது. ஒரு சிறிய அடாப்டரை அதில் சொருகி, நல்ல நிலையில் ஓடும் உங்கள் சொந்தக் காரின் ஃப்யூயல் ட்ரிம்மை நிறுத்திய இடத்தில், ஐடிலில் கவனியுங்கள். ஏசியைப் போட்டால் எப்படி நகர்கிறது, இஞ்சின் சூடானதும் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். ஆரோக்கியமான இஞ்சினின் எண்கள் கண்ணுக்குப் பழகும்வரை எந்த அட்டவணையிலும் கை வைக்காதீர்கள்.