ஆக்ஸிமீட்டர்ல 96, அப்புறம் ஏன் மூச்சு முட்டுது?

இந்த எபிசோட் கொஞ்சம் பர்சனல்.

எங்க பெரியப்பா சின்னாளப்பட்டியில தறி ஓட்டுனவர். நுரையீரல் புற்றுநோய், முற்றின நிலை. ஒரு ராத்திரி பெரியம்மா போன்: "தம்பி, பெரியப்பாவுக்கு மூச்சு முட்டுதுப்பா, எப்படியாவது சிலிண்டர் ஏற்பாடு பண்ணு." திண்டுக்கல் முழுக்க அலைஞ்சு, விடியக்காலை ஒண்ணு வாடகைக்குக் கொண்டு வந்தேன். மாஸ்க் போடுறதுக்கு முன்னாடி, கொரோனா நேரத்துல வாங்கின ஆக்ஸிமீட்டரை விரல்ல மாட்டினா 96. மாஸ்க் போட்ட பிறகும் அவர் கஷ்டம் குறையல.

நம்ம வேலையில இது நடக்கும்ல? டாஷ்போர்டுல எல்லாம் பச்சை, ஆனா யூசர் "ஸ்லோவா இருக்கு"ன்னு கத்துவார். யூசர் சொல்றது பொய் இல்ல. நாம பார்க்கிற அளவுதான் தப்பு. மூச்சுத்திணறலும் அப்படித்தான். இழுக்க வேண்டிய மூச்சுக்கும் உண்மையில உள்ள போற மூச்சுக்கும் இடைவெளி விழும்போது மூளை அடிக்கிற அலாரம் அது. ஆக்ஸிஜன் அளவு சரியா இருந்தாலும் அந்த அலாரம் அடிக்கும்.

அதனால டாக்டர் முதல்ல காரணத்தைத் தேடுவார். நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருந்தா ஊசி வச்சு எடுக்கலாம். சளித்தொற்று, ரத்தசோகை, ரத்தக்கட்டி, மூச்சுக்குழாயை அடைக்கிற கட்டின்னு ஒவ்வொண்ணுக்கும் தனி வைத்தியம் இருக்கு. ஆக்ஸிஜன் நிஜமாவே குறைஞ்சிருந்தா சிலிண்டர் உதவும். குறையாதவங்களுக்கு? 2010-ல 'லான்செட்' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. தீராத மூச்சுத்திணறல் இருந்த 239 பேர்ல பாதிப் பேருக்கு ஆக்ஸிஜன், மீதிப் பேருக்கு அதே மாதிரி குழாய் வழியா சாதாரண காத்து. ரெண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்ல.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்த பாலியேட்டிவ் கேர் நர்ஸ் அக்கா முதல்ல ஜன்னலைத் திறந்தாங்க. ஒரு சின்ன டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரா வச்சாங்க. மூக்கு, கன்னத்துல குளிர்ந்த காத்து படும்போது, முக நரம்பு வழியா மூளைக்குப் போற சிக்னல் அந்தத் திணறலைக் குறைக்கும். அப்புறம் முன்னாடி ஸ்டூல் போட்டு, அது மேல தலையணை வச்சு, குனிஞ்சு சாய வச்சாங்க. சுத்தி நின்ன பத்துப் பேரையும் வெளிய அனுப்பினாங்க. கூட்டமும் பதட்டமும் திணறலைக் கூட்டும்.

இதுக்கும் அடங்கலைன்னா டாக்டர்கள் குறைஞ்ச அளவு மார்ஃபின் கொடுப்பாங்க. "மார்ஃபினா! மூச்சே நின்னுடுமே"ன்னு பெரியம்மா பயந்தாங்க. குறைஞ்ச அளவுல தொடங்கி, கவனமா ஏத்தினா அப்படி ஆகாது. மூளையில அந்த அலாரத்தோட சத்தம்தான் குறையும். மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேர்த்தே மருந்து தருவாங்க. நாமளா அளவை மாத்தக் கூடாது.

இந்தியாவுல மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல அரசு அனுமதியோடவே அபின் செடி பயிராகுது. ஆனாலும் 1985 போதைப்பொருள் சட்டத்தோட கெடுபிடியால மார்ஃபினை வச்சிருக்கவே ஆஸ்பத்திரிகள் தயங்கின. 2014-ல சட்டத்தைத் திருத்தி எளிமையாக்கினாங்க. இன்னும் எல்லா இடத்துலயும் கிடைக்கிறதில்ல; அதனால முன்கூட்டியே கேட்டு வைங்க.

2021-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பார்க்கிற பாலியேட்டிவ் கேரும் உண்டு. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க. ஆனா திடீர்னு திணறல் கூடினாலோ, நெஞ்சுவலி வந்தாலோ, இருமும்போது ரத்தம் வந்தாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காதீங்க, உடனே டாக்டர்.

பெரியப்பா அதுக்கப்புறம் மூணு வாரம்தான் இருந்தார். ஆனா ராத்திரி தூங்கினார், பேரனோட பேசினார். அந்த ஃபேன் இப்பவும் பெரியம்மா கட்டில் பக்கத்துலதான் இருக்கு.